நான் இறக்கிவிட்ட ஹேண்ட் பிரேக்

எங்கள் தெருவில் காரை நிறுத்துவதற்கு ஒரு சட்டம் உண்டு. எங்கும் எழுதி வைக்கவில்லை. மீறினால் விடிவதற்குள் வந்து கதவைத் தட்டுவார்கள். கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும், ஹேண்ட் பிரேக் போடக் கூடாது. எல்லாம் தறிக்குப் போகும் பாவுக்காகத்தான். ஆரணியில் நெசவுக்காரர்கள் இருக்கும் தெருக்களில் காலையில் பட்டு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, சிக்கெடுத்து, அறுந்த இழைகளை முடிந்து சரி செய்வார்கள். அந்த நேரத்தில் வழியில் ஒரு கார் நின்றால், அதன் சொந்தக்காரனைத் தேடிப்போய் எழுப்ப யாருக்குப் பொறுமை இருக்கும்? நாலு பேர் சேர்ந்து தள்ளி ஓரமாக விட்டுவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். தெரு சமதளம் என்பதால் தள்ளிய இடத்திலேயே வண்டி நிற்கும். கார் வாங்கிய புதிதில் ஒருநாள் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுத் தூங்கிப்போனேன். காலையில் எழுப்பிக் கொடுத்த அர்ச்சனையில் அந்தப் பழக்கமே விட்டுப்போயிற்று.

நான் பட்டுப் புடவை வியாபாரம் செய்கிறவன். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக வண்டி ஓட்டுகிறேன், எல்லாமே கியர் வண்டிதான். அதில் எனக்கு ரொம்பத் திமிர். ஸ்பீடோமீட்டரைப் பார்த்து கியர் மாற்றுகிறவனெல்லாம் டிரைவரா என்று கேட்பேன். இன்ஜின் சத்தம் காதில் விழும், கால் தானாக க்ளட்சுக்குப் போகும், கை தானாக மாற்றிவிடும். களம்பூர் ரோட்டில் நெல் மூட்டை ஏற்றிய லாரிக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டே வந்து, எதிரில் கொஞ்சம் இடம் கிடைத்ததும் மூன்றாவதுக்கு இறக்கி ஒரு மிதி மிதித்தால் வண்டி சீறிக்கொண்டு முந்தும் பாருங்கள், அந்தச் சுகத்துக்கு ஈடு கிடையாது. பேட்டரி இறங்கிவிட்டால்கூடக் கவலை இல்லை. இரண்டாவது கியரில் போட்டு நாலு பேரைத் தள்ளச் சொல்லி க்ளட்சை விட்டால் உறுமிக்கொண்டு கிளம்பும். பக்கத்துத் தெரு வியாபாரி ஒருவர் க்ளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் கார் வாங்கி வந்தபோது, பொம்மை கார் வாங்கிட்டீங்களா என்று கடைக்குக் கடை சொல்லிச் சிரித்தவன் நான்.

கஷ்டம் இல்லாமல் இல்லை. முகூர்த்த நாட்களில் பஜாரைக் கடக்க முக்கால் மணி நேரம் ஆகும். அத்தனை நேரமும் இடது கால் க்ளட்சை மிதிப்பதும் விடுவதுமாக இருக்கும். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் முழங்கால் விண் விண் என்று தெறிக்கும். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் என் திமிர் என்ன ஆவது?

என் மனைவி நாற்பது வயதுக்கு மேல் கார் ஓட்டக் கற்றாள். ஆசைப்பட்டுக் கற்றுக்கொள்ளவில்லை. அவளுடைய அம்மா படவேட்டுக்குப் பக்கத்தில், ஜவ்வாது மலையடிவாரத்தில் ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறார். அவருக்குக் கண்ணில் பிரஷர் இருப்பதாக வேலூரில் கண் டாக்டர் கண்டுபிடித்தார். வலிக்காதாம், உறுத்தாதாம், உள்ளேயே பார்வையைத் தின்றுவிடுமாம். மாதம் தவறாமல் வந்து காட்ட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். அந்தக் கிராமத்துக்கு வருகிற பஸ் கொஞ்சம்தான். ஒன்றைத் தவறவிட்டால் அரை நாள் போய்விடும். நானோ பாதி நாள் சென்னையில் கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருப்பேன். அதனால் நானே ஓட்டக் கத்துக்கிறேன் என்று அவள் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். லைசென்சும் எடுத்தாள்.

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கிய லட்சணத்தைச் சொல்ல வேண்டும். க்ளட்சை விடு, இவ்வளவு சீக்கிரமா விடுறது, இன்ஜின் கத்துது காது கேக்கலயா, கியர மாத்து, மாத்துன்னா மாத்தணும். போளூர் ரோடு முழுக்க இப்படிக் கத்திக்கொண்டே வருவேன். ஒருதடவை வண்டி நின்றுபோய்ப் பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்தபோது அவள் கண்ணில் தண்ணீர் முட்டியது. துடைத்துக்கொண்டு மறுபடியும் ஸ்டார்ட் செய்தாள். அவளுக்கு என்னைவிடப் பொறுமை அதிகம். ஸ்கூலில் சொல்லிக்கொடுத்ததை அப்படியே பிடித்துக்கொண்டாள். வண்டியை நிறுத்தினால் ஹேண்ட் பிரேக்கைக் கடைசிப் பல் வரைக்கும் இழுப்பாள், முதல் கியரில் போட்டுவிட்டுத்தான் இறங்குவாள். நம் தெருவுக்கு அது ஆகாது என்று நான் மறுபடி உட்கார்ந்து இரண்டையும் எடுத்துவிடுவேன்.

அம்மாவின் ஊருக்கு அவள் முதல்முதலாக ஓட்டிக்கொண்டு போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. வீட்டு வாசலிலிருந்து அம்மா வீட்டு வாசல் வரைக்கும் அவளேதான் ஓட்டினாள். கிராமத்துக்குள் நுழைந்ததும் ஜனங்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். அந்த வீட்டுக்குப் போகிற சந்து மேடாக ஏறும். அடியில் ஊருக்குப் பொதுவான தண்ணீர்க் குழாய். நான் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. அவள் அரை க்ளட்சில் பிடித்து, ஒரு சாண்கூடப் பின்னால் உருளாமல், மேட்டில் ஏற்றி நிறுத்தினாள். ஹேண்ட் பிரேக்கைக் கறகறவென்று இழுத்தாள். கியரைப் போட்டாள். இறங்கும்போது அவள் முகம் இருந்ததே, கல்யாணத்தன்றுகூட அப்படி நான் பார்க்கவில்லை. மாமியார் வாசலுக்கே வந்து மகள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

நான் மறந்துவிட்ட ஹாட்பாக்சை எடுக்கத் திரும்பக் காருக்கு வந்தேன். சுவரிலிருந்து ஓர் அடி தள்ளிக் கொஞ்சம் கோணலாக நின்றிருந்தது. யாருக்கும் இடைஞ்சல் இல்லை. ஆனாலும் எனக்குப் பொறுக்கவில்லை. உட்கார்ந்தேன், அவள் வண்டியிலேயே விட்டிருந்த சாவியைத் திருகி ஸ்டார்ட் செய்தேன், சுவரை ஒட்டி நேராக நிறுத்தினேன், அணைத்தேன். அதற்குப் பிறகு என் கை இருபது வருடமாகச் செய்வதைச் செய்தது. கியரை நியூட்ரலுக்குத் தள்ளியது, ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டது. அந்த நிமிஷம் எனக்கு அது மேடு என்று தோன்றவே இல்லை. பின் சக்கரம் ஏதோ கல்லில் முட்டி நின்றிருக்க வேண்டும், வண்டி அசையவில்லை. ஹாட்பாக்சை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். நான் உட்கார்ந்ததையும் இறங்கியதையும் யாரும் பார்க்கவில்லை.

காபி பாதி குடித்திருப்பேன். வெளியில் தடால் என்று ஒரு சத்தம், அதன்மேல் பெண்கள் அலறும் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் கார் சந்தின் அடியில் குழாய் மேடையில் மோதி நின்றிருந்தது. குழாய் உடைந்து தண்ணீர் பீய்ச்சி அடித்தது. பிளாஸ்டிக் குடங்கள் சக்கரத்தின் கீழே நசுங்கிக் கிடந்தன. ஒரு பெண் இடுப்பில் குடத்தோடு இரண்டு எட்டு தள்ளி நின்று நடுங்கிக்கொண்டிருந்தார். அந்த இரண்டு எட்டு அவர் நகர்ந்தது அவர் செய்த புண்ணியமா நான் செய்த புண்ணியமா தெரியாது.

கதவைத் திறந்தேன். ஹேண்ட் பிரேக் கீழே படுத்திருந்தது. அதைப் பார்த்த அந்த நொடியிலேயே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புரியவில்லை என்று ஒரு நாளும் நான் சொல்லிக்கொள்ள முடியாது. என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த ஊர்ப் பெரியவர், பொண்ணு பிரேக் போட மறந்துட்டுது போல என்றார். அவள் ஓட்டிக்கொண்டு வந்ததைத்தான் ஊரே பார்த்திருந்ததே. நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரி. இல்லைங்க, நான்தான். அவ்வளவுதான். அது என் தொண்டை வரை வந்தது. இருபது வருட டிரைவர், அதுவும் மாமியார் ஊரில், அத்தனை பேருக்கு நடுவில். நான் சொன்னது வேறு.

"விடுங்க, புதுசா ஓட்டுறா. பழகிடும்."

சத்தியமாக நான் பொய் சொல்லவில்லை என்று அப்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவள் புதிதாக ஓட்டுகிறவள்தானே, போகப் போகப் பழகும்தானே. என்ன ஒரு கேவலமான புத்தி. சுற்றி நின்றவர்கள் என்னை ஒரு மாதிரி மரியாதையோடு பார்த்தார்கள். வேறு ஆளாக இருந்தால் அங்கேயே பொண்டாட்டிமேல் கை நீட்டியிருப்பான் என்று ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதையும் அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

அவள் தண்ணீரில் நனைந்துகொண்டு காரின் அருகில் நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"நான் போட்டனே. கை வலிக்க இழுத்தனே. போடலயா?"

"பரவால்ல விடு" என்றேன்.

குழாயை நானே ஆள் வைத்துச் சரி செய்து கொடுத்தேன். காரின் பின்பக்கத்தைத் தட்டி, பெயின்ட் அடித்து, அடிபட்டதே தெரியாமல் செய்துவிட்டேன். அவள் அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை. ஒன்றிரண்டு தடவை நானும் பேச்சுக்குச் சொல்லிப் பார்த்தேன். வேணாங்க, அந்தம்மா செத்திருந்தா என்ன பண்ணியிருப்போம், நான் மறக்கிற ஆளு என்று முடித்துவிட்டாள். அப்போதும் நான் சொல்லவில்லை. நாளாக ஆகச் சொல்வது இன்னும் பேஜாராகிப் போனது.

மாமியாரை மாதாமாதம் நானே கூட்டிப்போகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். முதல் மூன்று மாதம் ஒழுங்காகப் போனேன். பிறகு தீபாவளி வியாபாரம் வந்தது, தை முகூர்த்தம் வந்தது. என்னால் முடியாத மாதங்களில் அவள் பஸ் பிடித்துப் போய், அம்மாவை அழைத்துக்கொண்டு இன்னொரு பஸ் பிடித்து வேலூர் போவாள். திரும்பி வருவதற்குள் இரண்டு பேருக்கும் உயிர் போய்விடும். ஒரு கட்டத்தில் மாமியாரே, கண்ணு நல்லாத்தான் தெரியுது, நீ அலையாதே என்று சொல்லிவிட்டார். ஆறு மாதம் விட்டுப்போயிற்று. மறுபடி காட்டப் போனபோது வலது கண் போய்விட்டிருந்தது. இனி எதுவும் செய்ய முடியாது என்றார் டாக்டர். இவ்வளவு நாள் ஏன் வரவில்லை என்று அவர் கோபமாகக் கேட்டதற்கு என் மனைவி, வண்டி வசதி இல்லைங்க சார் என்றாள். நான் அவள் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். கழுவித் துடைத்த கார் ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவளுக்கு ஒரு வழக்கம் வந்துவிட்டது. வீட்டைப் பூட்டிவிட்டு நாலு எட்டு நடப்பாள், திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பாள். கேஸை மூடிவிட்டுப் படுத்தவள் எழுந்துபோய்த் திருகைத் தொட்டுப் பார்ப்பாள், இரண்டு தரம், மூன்று தரம். முன்பெல்லாம் அவளுக்கு இப்படி இல்லை. புடவைக் கட்டுகளை எண்ணி அனுப்புவதில் என் கணக்கை அவள்தான் திருத்துவாள். அவள் பூட்டை இழுக்கிற ஒவ்வொரு தடவையும் எனக்குக் கூசும். கூசிக்கொண்டே, லேட்டாவுது வா என்று கத்துவேன்.

மாமியார் வேறு. போகும்போதெல்லாம் வாய் நிறையச் சொல்வார். மாப்பிள்ளை தங்கம், அன்றைக்கு அத்தனை பேர் நடுவில் என் பொண்ணை ஒரு வார்த்தை திட்டவில்லை என்பார். அவர் கையால் போட்ட சோற்றை இந்தப் பேச்சோடு சேர்த்து ஆறு வருடம் விழுங்கினேன்.

போன வருடம் என் இடது முழங்கால் ஒரேயடியாக மக்கர் செய்தது. க்ளட்சை மிதித்தால் கண்ணில் பூச்சி பறந்தது. எலும்பு டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, கார் ஓட்டுவதை விட்டுவிடுங்கள், இல்லையென்றால் க்ளட்ச் இல்லாத வண்டி வாங்குங்கள் என்றார். பொம்மை கார் என்று நான் சிரித்த அதே வண்டி. வாங்கினால் மட்டும் போதுமா? கொஞ்ச நாளைக்கு எந்தக் காலும் எதையும் மிதிக்கக் கூடாதாம். மாமியாருக்கு மிச்சம் இருந்தது ஒரு கண். அதைக் காட்ட வேண்டிய தேதி பத்து நாளில் வந்தது. வாடகைக் காருக்குச் சொல்லலாம் என்றால், பழக்கமில்லாத ஆளோடு அத்தனை தூரம் வர மாட்டேன் என்று மாமியார் ஒற்றைக் காலில் நின்றார். நீ ஓட்டு என்று நான் மனைவியிடம் கெஞ்சினேன். அம்மாவை உட்கார வெச்சிகினு நான் ஓட்டுறதா, இருக்கிற ஒரு கண்ணோட உயிரும் போவணுமா என்று கேட்டாள்.

அப்போதுதான் சொன்னேன். காலையில், அவள் கூடத்தில் புடவைகளை மடித்துக்கொண்டிருந்தபோது. முழங்கால் நன்றாக இருந்திருந்தால் சாகிற வரைக்கும் சொல்லியிருக்க மாட்டேன். இதில் எனக்கு எந்தப் பெருமையும் இல்லை. ஹாட்பாக்ஸ், சுவர், நியூட்ரல், எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மடித்துக்கொண்டே கேட்டாள். கையிலிருந்த புடவையை முழுதும் மடித்து அடுக்கின்மேல் வைத்தாள். அழவில்லை, கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"அந்தம்மா செத்திருந்தா? அப்பவும் சொல்லியிருக்க மாட்டீங்க இல்ல?"

மாட்டேன் என்பதுதான் பதில், அது அவளுக்கும் தெரிந்தது. நாலு நாள் அவள் என்னோடு பேசவில்லை. சாப்பாடு வைத்தாள், காலுக்குத் தைலம் எடுத்து வைத்தாள், பேச்சு மட்டும் இல்லை. ஐந்தாம் நாள் காலையில் கார் சாவி ஆணியில் இல்லை. தெருவில் பாவு எடுத்த பிறகு தனியாக ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். அடுத்த மூன்று நாளும் அப்படித்தான். நான் வாசலில் உட்கார்ந்து, வண்டி முனை திரும்புகிற சத்தத்துக்காகக் காத்திருந்தேன். ஆட்டோமேட்டிக் வாங்கிவிடலாமா என்று மெல்லக் கேட்டதற்கு, என் காலு நல்லாத்தான இருக்குது என்று சொல்லிவிட்டுப் போனாள். அதுதான் அவள் திரும்பப் பேசிய முதல் பேச்சு.

கண் டாக்டரிடம் போகிற அன்று என்னையும் வரச் சொன்னாள். நான் பின் சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்தேன். அம்மா வீட்டுச் சந்து மேட்டில் ஏற்றி, சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி, கொஞ்சம் கோணலாக நிறுத்தினாள். ஹேண்ட் பிரேக், முதல் கியர். இறங்கி வாசல்படி வரைக்கும் போனவள் நின்றாள். திரும்பி வந்து கண்ணாடி வழியாகக் குனிந்து ஹேண்ட் பிரேக்கைப் பார்த்தாள். நான் உள்ளே உட்கார்ந்திருந்தது அவளுக்குத் தெரியும். அவள் எதுவும் தவறு செய்யவில்லை என்பதும் இப்போது தெரியும். அப்படியும் பார்த்தாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை, மடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மாமியார் முன் சீட்டில் மகளுக்குப் பக்கத்தில் ஏறினார். ஏறும்போது, பாத்து ஓட்டும்மா, மறந்துடாதே என்று இரண்டு தடவை சொன்னார். வண்டி சந்தைத் தாண்டி, குழாயைத் தாண்டி ஊருக்கு வெளியே வந்ததும் வழக்கம்போல ஆரம்பித்தார்.

"மாப்ள தங்கம். வேற ஒருத்தனா இருந்தா அன்னிக்கே உன்ன..."

என் மனைவி நடுக் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்தாள். மறுபடியும் என்னைப் பார்த்தாள்.

"அத்த, அன்னிக்கி பிரேக்க எடுத்துவிட்டது நான்தான். அவ போட்டுட்டுதான் எறங்கினா" என்றேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவதுபோல் இருந்தது.

மாமியாருக்கு வலது கண் இல்லை. பின்னால் இருக்கிற என்னைப் பார்க்க வேண்டுமென்றால் உடம்பு மொத்தமும் திரும்ப வேண்டும். சீட்டைப் பிடித்துக்கொண்டு சிரமப்பட்டுத் திரும்பினார். மிச்சமிருந்த அந்த ஒரு கண்ணால் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் முன்னால் திரும்பிக்கொண்டார்.

"அப்ப நீ போட்டியா?" என்று மகளைக் கேட்டார்.

"போட்டேம்மா."

மாமியார் கையை நீட்டித் துழாவினார். கியர்க் கம்பியின்மேல் இருந்த மகளின் கையைக் கண்டுபிடித்து அதன்மேல் தன் கையை வைத்துக்கொண்டார். எடுக்கவில்லை. வண்டி இரண்டாவது கியரில் போய்க்கொண்டிருந்தது. மூன்றாவதுக்கு மாற்ற வேண்டிய வேகம் வந்து, தாண்டியும் போயிற்று. இன்ஜின் கத்தியது. அவள் மாற்றவில்லை. அம்மாவின் கை எவ்வளவு நேரம் இருக்கிறதோ அவ்வளவு நேரம் இருக்கட்டும் என்று இரண்டாவதிலேயே ஓட்டினாள். நான் பின்னால் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல், அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கண்ணமங்கலம் வரைக்கும் போனேன்.